கலிப்பருக்கு சைலன்சர் பெயின்ற் வேண்டாம்

பண்ணைப் பாலத்தால் தினமும் வேலணைக்கு வேலைக்குப் போய்வரும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய பல்சர் மோட்டார் சைக்கிளின் முன் கலிப்பரில், அதாவது டிஸ்க் பிரேக்கின் தகட்டைப் பிடிக்கும் பாகத்தில், கறுப்புப் பெயின்ற் கொப்பளித்து, சுரண்டினால் உள்ளே வெள்ளைத் தூள் வருகிறதாம். கழற்றிச் சுத்தம் செய்து புதிதாக அடிக்க யோசிக்கிறார். கடையில் "இதுதான் சூடு தாங்கும்" என்று சைலன்சருக்கு அடிக்கும் ஸ்பிரே ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். கராஜிலோ "ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-கே போதும்" என்கிறார்கள். எது சரி, வீட்டில் நிற்கும் அப்பாவின் பழைய ஹொண்டா சி.டி. 125 இன் டிரம் பிரேக் மூடிகளுக்கும் அதையே அடிக்கலாமா என்பது கேள்வி.

தம்பி, கராஜ்காரர் சொன்னதுதான் சரிக்குக் கிட்ட. கடைக்காரர் தந்த ஸ்பிரே கூடாத சாமான் இல்லை. அதை அடிக்கிற இடம்தான் பிழை. பிரேக் பாகங்களுக்குப் பெயின்ற் வாங்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது ரின்னில் எழுதியிருக்கும் வெப்ப அளவைத்தான். 600 பாகை, 650 பாகை என்று இருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். ஆனால் கலிப்பரின் பெயின்றைக் கெடுப்பது பெரும்பாலும் சூடு இல்லை. பிரேக் ஒயிலும், எங்கள் ஊரில் உப்பும்தான்.

சூட்டுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். பலமாகப் பிடிக்கும்போது டிஸ்க் தகடு 200, 300 பாகை என்று ஏறும். கலிப்பரின் உடல் அந்த அளவுக்குப் போவதில்லை. தகட்டைத் தொடுவது பாட் எனும் பிரேக் கட்டை மட்டும்தான். அதற்குப் பின்னால்தான் பிஸ்டன், ஒயில், அலுமினிய உடல் எல்லாம். இன்னொரு கணக்கும் இருக்கிறது. டொட் 4 என்ற தரத்துப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது அதன் தரவிதி. ஈரம் உறிஞ்சிய பழைய ஒயிலுக்கு அந்த எல்லை 155. உள்ளே ஒயில் கொதித்தால் லீவர் கைப்பிடியோடு வந்து ஒட்டும், பிரேக் பிடிக்காது. அதாவது கலிப்பர் 300 பாகைக்குப் போகும் ஒரு நாளில் பெயின்ற் உரிந்ததா என்று பார்க்கும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். மேடே இல்லாத யாழ்ப்பாணத்துத் தெருவில், அதுவும் பண்ணைப் பாலத்து நேர்ப்பாதையில், 120 பாகை தாங்கும் பெயின்றே தாராளம்.

இனி அந்த சைலன்சர் ஸ்பிரே. அது சிலிக்கோன் ரெசினில் செய்வது. காற்றில் காய்ந்து தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரும், ஆனால் முழுதாக இறுகுவதற்கு 200 பாகை அளவில் சூடாக வேண்டும். சைலன்சரில் அடித்தால் இரண்டு தரம் ஓடியதும் அது தானே நடந்துவிடும். கலிப்பர் அந்தச் சூட்டுக்கு ஒருநாளும் வராததால் பெயின்ற் கடைசி வரை அரைவேக்காடாகவே இருக்கும். நகத்தால் கீறலாம், பெற்றோல் பட்ட துணியால் துடைத்தால் கறுப்பு துணிக்கு வரும், பிரேக் ஒயில் பட்டால் சொல்லவே வேண்டாம். சூடு தாங்கும் என்று வாங்கிய பெயின்ற், சூடு காணாததால்தான் நிற்காமல் போகிறது. கழற்றிய கலிப்பரை அவணில் வைத்துச் சுட்டு எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம்தான், ஆனால் உள்ளே ஒரு றபர்கூட இருக்கக் கூடாது, சமைக்கிற அவணாகவும் இருக்கக் கூடாது. அவ்வளவு கஷ்டப்பட்டுச் சுட்டாலும் ஒயிலுக்கு அது டூ-கேயை விடப் பலமாக நிற்கும் என்று சொல்ல மாட்டேன்.

பிரேக் ஒயில் என்று நாங்கள் சொன்னாலும் டொட் 3, டொட் 4, டொட் 5.1 மூன்றும் கிளைக்கோல் வகைத் திரவம். அது பெயின்றுக்குள் ஊறி அதை மெதுமையாக்கித் தூக்கிவிடும். கேற்றுக்கு அடிக்கும் சில்வர் பெயின்ற், சாதாரண எனமல், காற்றில் காயும் அக்ரிலிக் ஸ்பிரே, பழைய என்.சி. (நைற்றோ செல்லுலோஸ்) லாக்கர் எல்லாம் இதற்கு முன்னால் நிற்காது. பிஸ்டன் சீலை விட்டால், கலிப்பரில் ஒயில் கசிய வாய்ப்புள்ள இடங்கள் முக்கியமாக இரண்டு: ஒயிலுக்குள் இருக்கும் காற்றை வெளியே எடுக்கும் நிப்பிளின் அடி, ஹோஸ் வந்து சேரும் போல்ட்டின் அடி. உங்கள் கலிப்பரில் பெயின்ற் எந்த இடத்தில் முதலில் எழும்பியது என்று பாருங்கள். அந்த இரண்டு இடத்தைச் சுற்றி என்றால் ஒயிலின் வேலை. விளிம்பிலும் போல்ட் அடியிலும் தொடங்கி உள்ளே வெள்ளைத் தூள் என்றால் உப்பின் வேலை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது.

டொட் 5 என்று ஒன்று இருக்கிறது, அது சிலிக்கோன் ஒயில், பெயின்றைத் தொடாது என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் லீவரின் அருகே ஒயில் நிற்கும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியில் டொட் 4 என்று எழுதியிருந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும். இரண்டும் கலக்காது. பெயின்றைக் காப்பாற்ற ஒயிலை மாற்றுவது தலைகீழான வேலை.

சரி, எதை வாங்குவது? என்னைக் கேட்டால் அலுமினியக் கலிப்பருக்கு இரண்டு பாக எபொக்சி பிரைமர், அதற்கு மேலே இரண்டு பாகப் பொலியூரேத்தேன். இரண்டாவதைத்தான் எங்கள் பெயின்ற் பாஸ்மார் டூ-கே என்பார்கள். இரண்டிலும் ஹார்ட்னர் தனியாக வரும். கலந்த பிறகு இரசாயன முறையில் இறுகுவதால், ஒருமுறை இறுகினால் தின்னரோ பிரேக் ஒயிலோ அதைத் திரும்பக் கரைக்காது. எபொக்சி அலுமினியத்தை நன்றாகப் பிடிக்கும், உப்புத் தண்ணீரை உள்ளே விடாது, ஒயிலுக்கும் நன்றாக நிற்கும். அதன் குறை வெயில். எங்கள் வெயிலில் சில மாதத்தில் மங்கி, தடவினால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டும். அதனால்தான் மேலே பொலியூரேத்தேன். டூ-கேயாக இருந்தாலும் ஒயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கிளைக்கோல் ஒயில் தண்ணீரில் கரையும் என்பது இந்த விஷயத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே சலுகை. ஒரு இரவு முழுக்க ஒயிலில் ஊறவிட்டால் டூ-கேயும் மெதுமைப்படலாம்.

கொம்பிரசர் இல்லையென்றால் ஸ்பிரே கானிலேயே டூ-கே வருகிறது. கானின் அடியில் ஒரு குமிழ் இருக்கும், அதை அழுத்தினால் உள்ளே தனி அறையில் இருக்கும் ஹார்ட்னர் கலக்கும். பிறகு நன்றாகக் குலுக்க வேண்டும். கலந்த கானை நாளை மறுநாளுக்கு என்று எடுத்துவைக்க முடியாது, இறுகிவிடும். ஆகையால் அடிக்க வேண்டிய எல்லாப் பாகங்களையும் தயார் பண்ணிவிட்டே குமிழை அழுத்துங்கள். "கலிப்பர் பெயின்ற்" என்றே பெயர் போட்டு வரும் ஒற்றைக் கான்களும் உண்டு. சில நல்லவை, சில வெறும் எனமல். லேபிளில் பிரேக் ஒயில் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா, எத்தனை பாகையில் எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். பழைய அலுமினியத் துண்டில் அதே பிரைமர், அதே பெயின்றை அடித்து ஒரு கிழமை காயவிட்டு, ஒரு சொட்டு டொட் 4 விட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் துடைத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். கடைக்காரர் சொல்வதை விட இது நம்பகமானது.

டூ-கே ஹார்ட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது. விசிறும்போது வரும் புகையை மூச்சில் எடுத்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பினால் பிறகு சின்ன அளவுக்கே இழுப்பு வரும். கொரோனாக் காலத்து முகக்கவசம் இதற்கு எதுவும் செய்யாது. நல்ல காற்றை வெளியிலிருந்து குழாயால் கொண்டுவரும் முகமூடியோடுதான் இதை விசிற வேண்டும். வீட்டில் அந்த வசதி இல்லையென்றால், பாகத்தைச் சுத்தம் செய்து மறைத்துக் கொண்டுபோய் முறையான பெயின்ற் பட்டறையில் கொடுத்து அடிப்பியுங்கள், கையளவு சாமானுக்குப் பெரிய செலவு வராது. எபொக்சியின் ஹார்ட்னர் பெரும்பாலும் வேறு வகை, அப்படியானதில் இந்த ஐசோசயனேற் பிரச்சினை இல்லை. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் தூரிகையாலேயே அடிக்கலாம். மங்கினாலும் பரவாயில்லை, உப்பு ஏறாமல் இருந்தால் போதும் என்றால் எபொக்சியை மட்டும் இரண்டு தரம் பூசிவிட்டு விட்டுவிடலாம். கலிப்பரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

பவுடர் கோட்டிங்கும் நல்ல வழிதான். அலுமினிய ஜன்னல் செய்பவர்கள் பயன்படுத்தும் அதே முறை. ஆனால் அது 180 முதல் 200 பாகையில் அடுப்பில் சுட்டு எடுப்பது. பிஸ்டன், அதைச் சுற்றியிருக்கும் றபர் சீல், நிப்பிள் எல்லாம் வெளியே வந்திருக்க வேண்டும், பிஸ்டன் ஓடும் துளையும் மரைகளும் சூடு தாங்கும் அடைப்பால் மூடியிருக்க வேண்டும். ஜன்னல் சட்டம் சுடுகிறவருக்கு இது விளங்கும் என்று நினைக்காதீர்கள். நீங்களே மூடிக் கொடுங்கள். பிரேக் பெடல், டிரம் மூடி சுற்றாமல் பிடிக்கும் ரோர்க் ஆர்ம் மாதிரி உள்ளே துளை இல்லாத இரும்புச் சாமான்களுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு பவுடர் கோட்டிங் கொடுக்கலாம்.

ஆனால் தம்பி, நீங்கள் கேட்காத ஒன்று பெயின்றை விட முக்கியம். வெளியே பெயின்றின் கீழ் வெள்ளைத் தூள் வந்திருக்கிறது என்றால் உள்ளேயும் வந்திருக்கலாம். அது அலுமினியம் உப்பில் அரித்த கழிவு. பிஸ்டனைச் சுற்றி சீல் உட்காரும் பள்ளம் இருக்கிறதே, அதற்குள் இந்த வெள்ளைத் தூள் சேர்ந்தால் சீலைப் பின்னாலிருந்து தள்ளும். சீல் பிஸ்டனை இறுக்கும். லீவரை விட்டாலும் பாட் தகட்டை விடாது. தள்ளிப் பார்த்தால் வண்டி இழுக்கும், தகடு சும்மா ஓடியே சூடாகும். தீவகப் பக்கம் ஓடும் வண்டிகளில் இது சாதாரணம். எனவே கழற்றியது கழற்றியதுதான், பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கம்பியால் கீற வேண்டாம், மூங்கில் குச்சியோ பிளாஸ்டிக்கோ போதும். சீல் கிற் புதிதாகப் போடுங்கள். பிஸ்டன் துளையின் சுவரிலேயே குழி விழுந்திருந்தால் பெயின்ற் காசை மிச்சம் பிடித்து வேறு கலிப்பர் தேடுவதுதான் புத்தி. பிஸ்டனை எடுக்க கொம்பிரசர் காற்றை விடாதீர்கள், துப்பாக்கி ரவை மாதிரி வரும், விரல் போய்விடும். ஹோஸைக் கழற்றுவதற்கு முன் லீவரை மெல்ல மெல்ல அமத்தி வெளியே கொண்டுவந்துவிட்டால் வேலை முடிந்தது.

கழுவுவது பற்றியும் சொல்லிவிட வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. எதைக் கழற்றினாலும் மண்ணெண்ணெய்ச் சட்டிக்குள் போடுவது எங்களுக்குக் கைவந்த பழக்கம். பிரேக் சீலுக்கு அது ஆகாது. இந்த றபர் மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில், சாதாரண கிரீஸ் எது பட்டாலும் ஊதிப் பெருக்கும். வெளி உடலில் இருக்கும் கிரீசை எதால் வேண்டுமானாலும் எடுங்கள், பிறகு சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, கடைசியாகப் பிரேக் கிளீனரோ ஸ்பிரிற்றோ விட்டு உலர்த்துங்கள். சீலைப் பூட்டும்போது புதிய பிரேக் ஒயிலைத் தடவினால் போதும். கலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைட் பின்னுக்கு சிலிக்கோன் கிரீஸ்.

பழைய பெயின்றை எடுக்க கோஸ்டிக் சோடாவில் ஊறப்போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரும்புக்கு அது சரி. அலுமினியத்தை அது தின்றுவிடும், சட்டி நுரைப்பதைப் பார்த்தாலே தெரியும். கடையில் விற்கும் பெயின்ற் ரிமூவரை வெளியில் வைத்து, கையுறை போட்டுத் தடவி எடுங்கள். மணல் விசிறிச் சுத்தம் செய்யக் கொடுத்தால் எல்லாத் துளையையும் போல்ட்டாலோ றபர் தக்கையாலோ அடைத்துக் கொடுங்கள். ஒரு மணல் துகள் ஒயில் வழிக்குள் தங்கினால் சீலைக் கிழிக்கும். பொன்னிறத்தில் வரும் பைபிரே கம்பனிக் கலிப்பர் மாதிரியானவை பெரும்பாலும் அனடைஸ் செய்தவை, அதாவது மின்சாரத்தால் அலுமினியத்திலேயே காப்புப் படலம் ஏற்றியவை, பெயின்ற் இல்லை. அவற்றைச் சுரண்டினால் இருக்கும் பாதுகாப்பையும் எடுத்துவிடுவீர்கள்.

வெறும் அலுமினியம் தெரிந்ததும் 240, பிறகு 400 எமரித்தாளால் தேய்த்து, துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். கடற்காற்றில் ஒரு இரவு விட்டாலே அதில் புதுப் படலம் பிடித்துவிடும். எங்கள் கிணறுகள் பல உவர். அந்தத் தண்ணீரில் கழுவி உலர்த்தினால் உப்பின் மேலேயே பெயின்ற் அடித்ததாகிவிடும். கடைசிக் கழுவலுக்கு நல்ல தண்ணீர் எடுங்கள். அமிலம் கலந்த எட்ச் பிரைமர் அடித்து அதற்கு மேல் எபொக்சி அடிக்க வேண்டாம், பல எபொக்சிகள் அதன் மேல் ஒழுங்காகப் பிடிப்பதில்லை. எபொக்சி பிரைமரை நேரே அலுமினியத்தில் அடியுங்கள்.

பெயின்ற் படக் கூடாத இடங்களை நினைவில் வைத்திருங்கள்: பிஸ்டன் துளை, சீல் பள்ளம், ஹோஸ் போல்ட்டின் செப்பு வாஷர் உட்காரும் முகம், நிப்பிள் மரை, ஸ்லைட் பின் ஓடும் துளை, பாட் நகரும் தடம், கலிப்பர் போர்க்கோடு போல்ட் போட்டுச் சேரும் முகம். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே தடித்த பெயின்ற் இருந்தால் நாளடைவில் அது நசிந்து போல்ட் தளரும். பாட் தடத்தில் பெயின்ற் இருந்தால் பாட் சிக்கும், மேலே சொன்ன இழுவை திரும்பவும் வரும். மாஸ்கிங் ரேப்பைப் பெயின்ற் முழுதாக இறுகுவதற்கு முன் உரியுங்கள்.

காலம் பார்த்து அடிப்பதும் உண்டு. கார்த்திகை, மார்கழி மழைக்குள் வேண்டாம். காற்றின் ஈரத்தோடு ஹார்ட்னர் சேர்ந்து பளபளப்புப் போகும், குமிழும் விழும். மாசியில் விடியப்புறப் பனி இருக்கும், வெயில் ஏறிய பிறகு அடிக்கலாம். சோளகக் காற்றுத் தொடங்கினால் பின்னேரங்களில் புழுதி, காலையோடு முடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் கலந்த டூ-கே லேபிளில் எழுதியிருப்பதை விடச் சீக்கிரம் இறுகும், கொஞ்சம் கொஞ்சமாகவே கலவுங்கள். கலவை விகிதம் கம்பனிக்குக் கம்பனி மாறும். இரண்டுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று எதுவானாலும் ரின்னில் உள்ளபடி அளந்து ஊற்றுங்கள். கண்மதிப்பு இங்கே சரிவராது. மெல்லியதாக இரண்டு தரம் போதும், தடித்தால் கல் பட்டதும் செதில் செதிலாகப் பெயரும். அடித்த பிறகு தகரக் கூரைக்குக் கீழே சூடான இடத்தில் ஒரு கிழமை விடுங்கள். தொட்டால் காய்ந்திருக்கும், ஆனால் ஒயிலுக்கு நிற்கும் பலம் அந்தக் கிழமைக்குள்தான் வரும்.

அப்பாவின் சி.டி. 125 க்கு வருவோம். டிரம் பிரேக்கில் ஒயிலே இல்லை, கம்பியும் கேபிளும்தான். ஆகவே அங்கே தெரிவு சுலபம். மூடியும் ஹப்பும் அலுமினியம். எபொக்சி பிரைமருக்கு மேல் சில்வர் டூ-கே அடித்தால் பழைய ஹொண்டாவின் நிறத்துக்குக் கிட்ட வரும். பிரைமர் ஒழுங்காக இருந்தால் மேலே சாதாரண அக்ரிலிக் சில்வர்கூட ஓடும், கொஞ்சக் காலத்தில் திரும்ப அடிக்க வேண்டிவரும், அவ்வளவுதான். டிரம்மின் உள் இரும்பு வளையத்திலும், பிரேக் கட்டைகளை விரிக்கும் கேம் சுற்றும் துளையிலும் பெயின்ற் படக் கூடாது. திறந்ததும் உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை ஊதாதீர்கள், கொம்பிரசரும் பிடிக்காதீர்கள். பழைய பிரேக் லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பிரேக் றொட், ரோர்க் ஆர்ம் இரண்டும் இரும்பு, அவற்றுக்கு நாகம் (சிங்க்) கலந்த பிரைமர் நல்லது.

பல்சரைத் திரும்பப் பூட்டும்போது செப்பு வாஷர்கள் புதிதாகப் போட்டு, போல்ட்டுகளை ரோர்க் ரென்ச்சால் இறுக்கி, காற்று எடுக்கும்போது நிப்பிளைச் சுற்றி ஈரத்துணி கட்டுங்கள். புதுப் பெயின்றில் முதல் சொட்டு ஒயில் விழுவது அநேகமாக அந்த நேரத்தில்தான். லீவர் கெட்டியாக வந்த பிறகு ஒழுங்கைக்குள் மெதுவாக ஓட்டிப் பிடித்துப் பாருங்கள், சில்லைத் தூக்கிச் சுற்றி இழுக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குப் பிறகு பாலத்துக்குப் போகலாம். கிழமைக்கு ஒருதரமாவது நல்ல தண்ணீரில் கலிப்பரைக் கழுவிவிடுங்கள்.